'டு லெட்' போர்டு தொங்குற மாசத்துக்கும் கணக்கு போடு மச்சி!

*வாடகை வருமானம்னா மாசாமாசம் கொட்டும்னு நினைக்கிறீங்களா? காஞ்சிபுரத்துல ஒரு மாடி போர்ஷன் கட்டினா என்ன வரும், என்ன போகும்? ஒரு முழு ஆடிட்!*

"மேல ரெண்டு போர்ஷன் எடுத்துடலாம் சார். 25 லட்சத்துல முடிச்சுத் தர்றேன். வாடகையே லோனை அடைச்சிடும்!"

பிள்ளையார்பாளையத்துல இருந்து செவிலிமேடு வரைக்கும், அப்பாக்களிடம் மேஸ்திரிகள் சொல்லும் டயலாக் இதுதான். அப்பாவுக்கு ரிட்டயர்மென்ட் பக்கத்துல வந்திருக்கும். கையில பி.எஃப். பணம் 10 லட்சம். மீதி 15 லட்சம் பேங்க் லோன். வட்டி 9 சதவிகிதம், 15 வருஷம்னு வெச்சுக்கிட்டா இ.எம்.ஐ. 15,214 ரூபாய். ஒரு போர்ஷனுக்கு 8,000 வீதம் ரெண்டுக்கும் வாடகை 16,000. ஆக, எல்லாம் போக மாசம் 786 ரூபாய் லாபம். 15 வருஷம் கழிச்சு மாடி நமக்கே சொந்தம். சூப்பர்ல?

சூப்பர்தான். ஆனா இந்தக் கணக்குல வீடு வருஷத்துக்கு 12 மாசமும் நிரம்பியே இருக்கு. மோட்டார் கருகவே இல்லை, சுவரு ஓதம் அடிக்கவே இல்லை, குடியிருக்கிறவர் காலி பண்ணவே இல்லை. அப்படி ஒரு வீடு காஞ்சியில மட்டும் இல்லை, உலகத்துலயே கிடையாது ஃப்ரெண்ட்ஸ்.

வீட்டுல லேப்டாப்பும் எக்ஸெல்லும் தெரிஞ்ச ஆள் நீங்கதான். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால அப்பா பக்கத்துல உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட வேண்டியதும் நீங்கதான். ஏன்னா, அந்த 15 வருஷ லோனோட பாதிக்கு மேல உங்க சம்பளத்துல இருந்து போகப்போகுது!

ஆடி வந்தா கூடவே பூட்டும் வரும்

ஒருத்தர் காலி பண்ணி இன்னொருத்தர் வர்றதுக்கு நடுவுல வீடு சும்மா கிடக்கும் இல்லையா, அந்த நாட்கள்தான் முதல் ஓட்டை. வெளிநாட்டுப் புத்தகங்கள்ல 'வருஷ வாடகையில இத்தனை சதவிகிதம் கழிச்சுக்கோ'ன்னு போட்டிருப்பாங்க. நமக்கு அது பத்தாது. நம்ம ஊர்ல வீடு காலியா இருக்கிறதைப் பஞ்சாங்கமும் சேர்ந்து முடிவு பண்ணுது.

ஆனி கடைசியில ஒருத்தர் காலி பண்றார்னு வைங்க. அடுத்தது ஆடி. பால் காய்ச்சிக் குடி போக பெரும்பாலான குடும்பங்கள் ஒத்துக்க மாட்டாங்க. வீட்டைப் பார்த்துட்டு, "பிடிச்சிருக்கு, ஆவணி பொறந்ததும் வர்றோம்"னு போயிடுவாங்க. கார்த்திகைக் கடைசியில காலியானா மார்கழி முழுக்க இதே கதை. தைதான் வழி விடணும். சில குடும்பங்கள் புரட்டாசிக்கும் கை கூப்பிடும்.

அதனால வருஷத்துக்கு ஒரு மாசம் காலின்னு கணக்கு வைக்கிறது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை, நிதானம். 12-ல் ஒரு மாசம்னா 8.33 சதவிகிதம். இன்னொரு ட்ரிக்கும் இருக்கு. அக்ரிமென்ட் முடியுற தேதி ஆனியிலயோ கார்த்திகையிலயோ வராம, சித்திரை, வைகாசி, தை மாதிரி ஆள் மாறுற மாசத்துல விழற மாதிரி ஆரம்பத்துலயே எழுதிக்கலாம். பத்து பைசா செலவில்லை, ஒரு மாச வாடகை மிச்சம்.

நாலு வகை வாடகைதாரர், நாலு வகை 'கேப்'

காஞ்சியில வீடு கேட்டு வர்றவங்களை மேலோட்டமா நாலா பிரிக்கலாம். ஒவ்வொருத்தர்கிட்டயும் வீடு காலியாகுற விதம் வேற.

*நெசவாளர் குடும்பம்:* தறி போட இடம் இருந்தா வருஷக்கணக்கா இருப்பாங்க. தறியைக் கழட்டி, தூக்கி, வேற வீட்டுல மறுபடி பூட்டுறது சும்மா காரியமா? ஆனா கூலி சேலைக் கணக்கு. முகூர்த்த சீசனுக்கும் மற்ற மாசத்துக்கும் வித்தியாசம் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில தறிக்குழியில தண்ணி ஊறினா வேலை நின்னு போகும். இங்கே வீடு காலியாகாது, வாடகைதான் தள்ளிப்போகும். அந்த நேரத்துல உங்க இ.எம்.ஐ.யைக் கட்ட கையில் காசு இருக்கணும். கணக்குல இதுவும் ஒருவகை 'காலி மாசம்'தான்.

*ஸ்டூடண்ட்ஸ்:* ஏனாத்தூர் பக்கம், காரைப்பேட்டை பக்கம்னு காலேஜ்களை நம்பி ரூம் விடுறவங்க நிறைய. நாலு பேர் சேர்ந்து எடுத்தா குடும்ப வாடகையை விட அதிகமே கிடைக்கும். ஆனா செமஸ்டர் முடிஞ்சா பையைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவோம். நம்மளைப் பத்தி நமக்குத் தெரியாதா! வருஷத்துக்கு 10 மாச வாடகைன்னு வைக்கிறதே பத்திரம். சுவத்துல ஒட்டின போஸ்டரை உரிச்சு மறுபடி பெயின்ட் அடிக்கிற செலவு தனி. பெண்கள் ஹாஸ்டல்னு நடத்தினா, 2014-ஆம் வருஷச் சட்டப்படி லைசென்ஸும் வாங்கணும்.

*ஃபேக்டரி ஊழியர்கள்:* ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை பார்க்கிறவங்க. சம்பளம் ஒன்றாம் தேதி, வாடகை அஞ்சாம் தேதி. டென்ஷனே இல்லை, கம்பெனி ஓடுற வரைக்கும்!

*கோயிலுக்கு வர்றவங்க:* வரதர் கோயில் வைகாசி கருட சேவை, ஏகாம்பரநாதர் பங்குனி உத்திரம் சமயத்துல நாள் வாடகைக்கு அறை கேட்பாங்க. ரேட் நல்லா இருக்கும். நாட்கள்தான் கொஞ்சம்.

கடன் 15 வருஷம்... கம்பெனி 9 வருஷம்!

மூணாவது வகைக்கு ஒரு நிஜக் கதை இருக்கு. ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா செல்போன் ஃபேக்டரி 2006 ஜனவரியில உற்பத்தியை ஆரம்பிச்சது. உச்சத்துல சுமார் 8,000 பேர் நேரடி வேலையில இருந்தாங்க. வெளி மாவட்டங்கள்ல இருந்து வந்த பசங்களும் பொண்ணுங்களும் சுத்துவட்டாரத்துல அறை எடுத்துத் தங்கினாங்க. வரிசையா சின்னச் சின்ன ரூம் கட்டி விடுறதே ஒரு தொழிலாச்சு.

அப்புறம் வரிப் பிரச்னை வந்தது. 2014 ஏப்ரல்ல நோக்கியாவோட செல்போன் பிசினஸை மைக்ரோசாஃப்ட் வாங்கினப்போ, இந்த ஃபேக்டரி கைமாறலை. 2014 நவம்பர் 1-ம் தேதி உற்பத்தி நின்னுது. டிசம்பர்ல பக்கத்துல இருந்த ஃபாக்ஸ்கான் யூனிட்டும் வேலையை நிறுத்திச்சு. சம்பளம் நின்னா ஊர்ல அறை எதுக்கு? வேலை போனவங்க பெட்டியைக் கட்டினாங்க.

இப்போ கணக்கைப் பாருங்க. 2007-ல் 15 வருஷக் கடன் வாங்கி ரூம் கட்டினவருக்குத் தவணை 2022 வரைக்கும். அவர் நம்பின ஃபேக்டரி ஓடினது 9 வருஷத்துக்கும் குறைவு. அந்த ஏரியா திரும்ப எழுந்திருச்சது உண்மைதான். 2019-ல் பழைய நோக்கியா ஃபேக்டரியை சால்காம்ப் கம்பெனி வாங்குறதா அறிவிப்பு வந்தது. ஃபாக்ஸ்கானும் அந்தப் பக்கம் ஐபோன் தயாரிக்குது. ஆனா நடுவுல இருந்த அத்தனை வருஷத்துக்கும் பேங்க், "சரி, ஃபேக்டரி திறந்ததும் கட்டுங்க"ன்னு சொல்லலை.

இன்னொரு ட்விஸ்ட்டும் உண்டு. 2024 ஆகஸ்ட்ல வல்லம் வடகால்ல பெண் தொழிலாளர்களுக்குன்னே 18,720 பேர் தங்குற குடியிருப்பு திறக்கப்பட்டது. தொழிலாளிகளுக்கு நல்ல விஷயம், கைதட்டலாம். ஆனா 'கம்பெனி வருது, ரூம் கட்டினா நிரம்பிடும்'னு நினைச்ச வீட்டுக்காரருக்கு அது போட்டி. வேலைக்கு ஆள் கூடுறதும் வாடகைக்கு ஆள் கூடுறதும் ஒண்ணு இல்லை. பரந்தூர்ல விமான நிலையம்னு 2022-ல் அறிவிப்பு வந்ததுல இருந்து, "ஏர்போர்ட் வந்தா வாடகை டபுள்" என்கிற புரோக்கர் வசனமும் ஓடுது. வந்தப்புறம் வர்ற வாடகையில இன்னிக்கு இ.எம்.ஐ. கட்ட முடியாது, அவ்வளவுதான் விஷயம்.

2020 கொரோனாவையும் மறந்துடக் கூடாது. அந்த மார்ச் 29-ம் தேதி, தொழிலாளர்கள்கிட்ட ஒரு மாசம் வாடகை கேட்கக் கூடாதுன்னு மத்திய உள்துறை அமைச்சகமே உத்தரவு போட்டது. காலேஜ்களும் மூடினதால ஸ்டூடண்ட் ரூம்களும் காலி. நாலு வகையில ரெண்டு வகை ஒரே சமயத்துல அவுட்!

48 நாள் ஜாக்பாட்

நாலாவது வகைக்கு உதாரணம், நம்ம அத்திவரதர். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரைக்கும் 48 நாள். 1979-க்கு அப்புறம் 40 வருஷம் கழிச்சு அனந்தசரஸ் குளத்துல இருந்து எழுந்தருளினார். ஒரு கோடிப் பேருக்கு மேல வந்தாங்க. லாட்ஜ் நிரம்பி, வீட்டு அறைகளையும் நாள் வாடகைக்கு விட்டாங்க. ஒரு நாள் ரேட்டைப் பார்த்து, 'இதையே 30-ஆல் பெருக்கினா...'ன்னு கனவு கண்டவங்களும் இருந்திருப்பாங்க. ஆகஸ்ட் 18-க்கு அப்புறம் பெருக்க ஆள் இல்லை. அடுத்த தரிசனம் 2059-ல். அதுக்குள்ள லோன் ரெண்டு தடவை முடிஞ்சிடும்!

திருவிழா காசு போனஸ் மாதிரி. வந்தா சந்தோஷமா வாங்கிக்கலாம். அதை மாச வருமானமா எழுதிட்டா கணக்கு கவுந்துடும்.

இப்போ உண்மைக் கணக்கு!

மேஸ்திரி சொன்ன அதே மாடிக்கு வருவோம். கீழே இருக்கிறது உதாரணக் கணக்குதான். உங்க தெருவுக்கு ஏத்த மாதிரி நம்பரை மாத்திக்கோங்க.

வருஷ வாடகை: 16,000 × 12 = 1,92,000.
ரெண்டு போர்ஷனும் ஒவ்வொரு மாசம் காலி: 16,000 கழிவு.
கைக்கு வர்றது: 1,76,000.

செலவுகள்:
வருஷத்துக்கு ஒரு போர்ஷன் ஆள் மாறினா புரோக்கர் கமிஷன்: 8,000.
அந்த போர்ஷனுக்கு பெயின்ட், சில்லறை வேலை: 10,000.
பிளம்பர், எலெக்ட்ரீஷியன், மோட்டார் ரிப்பேர்: 10,000.
சொத்து வரி: 5,000.
மோட்டார், மாடிப்படி லைட் கரன்ட் பில், செப்டிக் டேங்க் லாரி: 6,000.
பெரிய வேலைக்கான சேமிப்பு: 18,000.
மொத்தம்: 57,000.

அந்தக் கடைசி வரிதான் எல்லாரும் விட்டுடுறது. மொட்டை மாடியில தட்டோடு விட்டுப்போய் ஒழுகும். வெளிச்சுவர் பெயின்ட் கேட்கும். போர் மோட்டாரை ரீவைண்டிங் பண்ணிப் பண்ணி ஒரு நாள் புதுசே வாங்கணும். இதெல்லாம் மாசாமாசம் வராது. வந்தா ஒரே அடியா வரும். மாசம் 1,500 எடுத்து வெச்சா, எட்டு வருஷத்துல 1,44,000 சேர்ந்திருக்கும். எடுத்து வைக்கலைன்னா, அம்மாவோட வளையல் பேங்க் லாக்கருக்குப் பதிலா அடகுக் கடைக்குப் போகும்.

மிச்சம்: 1,76,000 - 57,000 = 1,19,000. மாசத்துக்கு சுமார் 9,917 ரூபாய்.
இ.எம்.ஐ.: 15,214.
துண்டு: மாசம் சுமார் 5,300 ரூபாய்!

மேஸ்திரி கணக்குல 786 லாபம். நம்ம கணக்குல 5,300 கைக்காசு. வாடகையில 38 சதவிகிதம், அதாவது 73,000 ரூபாய், காலி மாசத்துக்கும் செலவுக்கும் போயிடுச்சு. 'இது ஓவர்'னு தோணுதா? அமெரிக்காவுல வாடகை வீட்டு முதலீட்டாளர்கள்கிட்ட ஒரு வழக்கு உண்டு: கடன் தவணையைச் சேர்க்காமலே வாடகையில பாதி செலவுக்குப் போயிடும்னு கண்ணை மூடிட்டு வெச்சுக்கோ. அங்கே சொத்து வரியும் இன்ஷூரன்ஸும் அதிகம். நமக்கு அவ்வளவு இல்லை. ஆனா பூஜ்யமும் இல்லை.

அதுக்காக வீடே கட்டக் கூடாதுன்னு அர்த்தமா? இல்லவே இல்லை. 9,917 ரூபாய்க்கு எவ்வளவு கடன் தாங்கும்னு திருப்பிப் போடுங்க. இதே வட்டி, இதே 15 வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்குத் தவணை 1,014 ரூபாய். ஆக 9.75 லட்சம் வரை வாடகையே தாங்கும். 15 லட்சம் தாங்காது. முதல்ல ஒரு போர்ஷன் மட்டும் கட்டலாம். இல்லைன்னா மாசம் 5,300 ரூபாயை சம்பளத்துல இருந்து போடத் தயார்னு தெரிஞ்சே இறங்கலாம். தெரிஞ்சு இறங்கினா அது முதலீடு. தெரியாம இறங்கினா அது தலைவலி.

கம்மி வாடகை... அதிக லாபம்!

இது கொஞ்சம் இன்ட்ரஸ்ட்டிங்கான மேட்டர். பழைய வீடு ஒண்ணு, தறிக்குழியோட இருக்கு. நெசவாளர் குடும்பம் 7,000 தர்றேன்னு கேட்குது. "குழியை மூடி டைல்ஸ் போட்டா 8,000 வாங்கலாம்"னு புரோக்கர் அண்ணன் சொல்றார். எதைச் செய்யலாம்?

8,000 வாடகைக்கு வர்றவர் வருஷா வருஷம் மாறினா: 96,000-ல் ஒரு மாசம் காலி 8,000, கமிஷன் 8,000, பெயின்ட் 10,000 போக கையில 70,000. டைல்ஸ் செலவை இதுல சேர்க்கவே இல்லை.

7,000 தர்ற குடும்பம் அஞ்சு வருஷம் இருந்தா: வருஷத்துக்கு 84,000. ஆள் மாறுற செலவு அஞ்சு வருஷத்துக்கு ஒரே தடவை 24,000, வருஷத்துக்கு 4,800. கையில 79,200.

குறைஞ்ச வாடகைதான் வருஷத்துக்கு 9,200 ரூபாய் அதிகம் தருது! மழை மாசத்துல வாடகை ஒரு மாசம் லேட்டானாலும் கணக்கு மாறாது. ஒரே ஒரு எச்சரிக்கை: நெசவை விட்டு ஃபேக்டரி வேலைக்குப் போற அடுத்த தலைமுறையும் கூடிட்டே இருக்கு. தறி வீடு கேட்கிறவங்க குறைஞ்சா, அந்த வீடு காலியானப்புறம் நிரம்ப நாளாகும். தெருவுல விசாரிச்சுட்டு முடிவு பண்ணுங்க.

அட்வான்ஸ் யார் காசு?

நிறைய வீடுகள்ல அட்வான்ஸ் வாங்கின மறுநாளே ஃப்ரிட்ஜா மாறியிருக்கும். அட்வான்ஸ் வருமானம் இல்லை பாஸ், அது கடன். காலி பண்ற அன்னிக்கு வாடகையும் நிக்கும், அட்வான்ஸையும் திருப்பித் தரணும். ஒரே நாள்ல டபுள் அடி!

தமிழ்நாட்டுல 2019 பிப்ரவரி 22 முதல் புதுசா வாடகைச் சட்டம் நடைமுறையில இருக்கு. அக்ரிமென்ட் எழுத்துல இருக்கணும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யணும். வேற மாதிரி ஒப்புக்கிட்டா ஒழிய, அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல கூடாது. எந்த ரிப்பேர் யார் பொறுப்புன்னும் அதுல பட்டியல் இருக்கு. அக்ரிமென்ட்டே வேற மாதிரி சொல்லாத வரைக்கும், கட்டட அமைப்பு சம்பந்தப்பட்ட வேலை, வெள்ளையடிக்கிறது, குழாய் லைன் மாத்துறது எல்லாம் வீட்டுக்காரர் தலையில. குழாய் வாஷர், சுவிட்ச் மாதிரி சில்லறை வேலை குடியிருக்கிறவருக்கு. நம்ம பட்ஜெட்டுக்கு இதை விட நல்ல செக் லிஸ்ட் கிடையாது.

சொத்து வரியும் நின்ன இடத்துலயே நிற்காது. 2022 ஏப்ரல்ல தமிழ்நாடு முழுக்க நகரங்கள்ல வரி ஏறிச்சு. சென்னை தவிர்த்த மாநகராட்சிகள்ல 600 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 25 சதவிகிதம், 601 முதல் 1,200 வரை 50 சதவிகிதம். 2021-ல் மாநகராட்சியான நம்ம காஞ்சியும் அந்த லிஸ்ட்தான்.

வருமான வரிக்காரங்க மட்டும் நம்ம கஷ்டத்தைப் புரிஞ்சுக்கிட்டவங்க. வந்த வாடகையில சொத்து வரியைக் கழிச்சு, மீதியில 30 சதவிகிதத்தை பில்லே கேட்காம கழிச்சுக்கச் சொல்றாங்க. நம்ம உதாரணத்துல அது 51,300 ரூபாய். சொத்து வரி தவிர நாம போட்ட செலவு 52,000. பாருங்க, சட்டமே நம்ம கணக்குக்குப் பக்கத்துல வந்து நிக்குது! லோன் வட்டிக்கான கழிவு தனி. அதுக்கு மட்டும் ஆடிட்டரைக் கேட்டுடுங்க.

நீங்க செய்ய வேண்டியது...

* வாடகைக்குன்னு தனி பேங்க் அக்கவுன்ட். வீட்டுச் செலவு அதைத் தொடக் கூடாது.

* வாடகை வந்த அன்னிக்கே 'காலி உண்டியல்'ல ஒரு பங்கு. மூணு மாச இ.எம்.ஐ. சேர்ற வரைக்கும் உடைக்கக் கூடாது. நம்ம கணக்குல அது 45,642 ரூபாய்.

* அட்வான்ஸ் அப்படியே ஃபிக்ஸட் டெபாசிட்டுக்கு.

* ஈ.பி. இணைப்பு வீட்டுக்காரர் பேர்ல இருக்கும். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை பில் கட்டியாச்சான்னு செல்போன்லயே பாருங்க. பாக்கியோட ஆள் போயிட்டா அது உங்க பில்.

* ஒரே கம்பெனி ஆட்களை மட்டும் நம்பி ரெண்டு போர்ஷனையும் விடாதீங்க. ஒண்ணு ஃபேக்டரி, ஒண்ணு உள்ளூர்க் குடும்பம்னு கலந்து விடுங்க.

* கட்டுறதுக்கு முன்னால ஒரு ஞாயித்துக்கிழமை சைக்கிளை எடுத்து உங்க ஏரியாவைச் சுத்துங்க. 'டு லெட்' போர்டு எத்தனை தொங்குதுன்னு எண்ணுங்க. எத்தனை நாளா தொங்குதுன்னு பக்கத்து மளிகைக் கடை அண்ணன்கிட்ட கேளுங்க. எந்த புரோக்கரும் தராத ஃப்ரீ டேட்டா அது.

* கடைசியா அப்பாகிட்ட ஒரே ஒரு கேள்வி: "ரெண்டு போர்ஷனும் மூணு மாசம் காலியா இருந்தா, இ.எம்.ஐ.யை எதுல இருந்து கட்டுவோம்ப்பா?" பதில் ரெடியா இருந்தா, நல்ல நாள் பார்த்து பூமி பூஜை போடுங்க. இல்லைன்னா, பதில் கிடைக்கிற வரைக்கும் மேஸ்திரியைக் காத்திருக்கச் சொல்லுங்க!